ஏழுமலைக்கு அட்டெண்டர் யாரு?

கனடாவில், ஹாமில்டனில், மயங்கிக் கிடக்கிறவனைத் தொடுவதற்குக்கூட அவனிடமே அனுமதி கேட்கிறார்கள். நான் ஓட்டுகிற வேனில் வரும் நர்ஸ் ஹெதர், நடைபாதையில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் ஆளுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்காருவார். "என் பெயர் ஹெதர், நான் நர்ஸ். உங்கள் தோளைத் தொடட்டுமா?" என்று கேட்பார். படுத்திருப்பவன் கண் மூடியிருக்கும், வாய் திறந்திருக்கும். அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று ஹெதரின் கண் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்படியும் பதிலுக்குக் கொஞ்சம் பொறுப்பார். பதில் வராவிட்டால், "இப்போது தொடப் போகிறேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் கை வைப்பார். முதல் நாள் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பதில் சொல்லும் நிலைமையில் இருந்தால் அவன் ஏன் இந்தக் குளிரில் இங்கே படுத்திருக்கிறான்? கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் ஒருவன் இப்படிக் கிடந்தால் எங்கள் வைத்தியம் ரொம்பச் சுருக்கம். காலால் ஒரு தட்டு. அசையாவிட்டால் முகத்தில் தண்ணீர். அதற்கும் அசையாவிட்டால், நாம் அங்கே நின்றதையே யாரும் பார்க்கவில்லை என்று கிளம்பிவிடுவது.

நான் பெரிய படிப்பாளி இல்லை. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டோம். அதற்கப்புறம் ஸ்டேஷனுக்கும் சிப்காட் தொழிற்பேட்டைக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ. என் மனைவி வனஜா நர்ஸ். அவள் உட்கார்ந்து படித்து, இங்கிலீஷ் பரீட்சை எழுதி, விசா வாங்கினாள். லாரியோடு சேர்ந்து ஊர் சுற்றுகிற எலுமிச்சம்பழம் மாதிரி அவள் விசாவில் தொங்கிக்கொண்டு நானும் வந்து சேர்ந்தேன். கும்மிடிப்பூண்டி மாதிரி ஹாமில்டனும் இரும்பு ஊர்தான். வந்த அன்று காரிலிருந்து புகைக்கூண்டுகளைப் பார்த்ததும், "வனஜா, சிப்காட்டு வந்துடுச்சி, எறங்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. குளிரில் வாய் திறக்கவில்லை என்று நானே நினைத்துக்கொண்டேன். இப்போது அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நான் தெருவில் வாழ்கிறவர்களைத் தேடிப் போகும் நர்ஸுகளுக்கு வேன் ஓட்டுகிறேன்.

வேனில் காலுறை, தண்ணீர், கட்டுத்துணி, புது ஊசிகள் எல்லாம் இருக்கும். போதை ஊசி போடுகிறவனுக்கே நாங்கள் புது ஊசி கொடுக்கிறோம். பழைய ஊசியில் வரும் சீழும் காமாலையும் வராமல் இருப்பதற்கு. ஹெதர் அவர்களிடம் கேட்பதெல்லாம், இன்று என்ன எடுத்தீர்கள், எவ்வளவு, தனியாக இருந்தீர்களா, இதுதான். தையற்காரர் அளவு எடுக்கிற மாதிரி கேட்பார். முகத்தில் ஒரு சுளிப்பும் இருக்காது. "விட்டுத் தொலையச் சொல்லக் கூடாதா?" என்று என் உடைந்த இங்கிலீஷில் ஒருநாள் கேட்டேன். "அதை அவரிடம் ஊரே சொல்லிவிட்டது. நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?" என்றார். எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன். இந்த நாட்டில் என் முழுநேர வேலை அதுதான்.

வந்த புதிதில் இன்னொரு கூத்து. காலில் புண்ணோடு ஒருவரை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டோம். ஹெதர் கிளம்பலாம் என்றார். நான் போய் அவர் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து, நீங்கள் இவருக்கு என்ன உறவு என்றார். உறவில்லை, நான்தான் கொண்டுவந்தேன் என்றேன். அப்படியானால் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றார். நான் போய்விட்டால் இவருக்கு யார் இருக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் செக்யூரிட்டி ஒருவர் வந்து, மிக மிக மரியாதையாக என்னை வாசல் வரை கூட்டிப்போய் விட்டார். நம் ஊர் ஆஸ்பத்திரியைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நோயாளி தனியாக வர முடியாது, கூட ஒரு ஆள் வேண்டும். அவருக்குப் பெயர் அட்டெண்டர். மருந்து வாங்க ஓடுவதற்கும், டிரிப் பாட்டில் தீர்ந்தால் கத்துவதற்கும், டீ வாங்குவதற்கும், முக்கியமாக நர்ஸ் திட்டினால் வாங்கிக்கொள்வதற்கும் ஒரு அட்டெண்டர் இருந்தால்தான் கட்டில் ஓடும்.

இந்தக் குளிர்காலம் தொடங்கியபோது திருநின்றவூரில் மச்சான் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். வனஜாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும் போனேன். சாப்பாடு முடிந்த மறுநாளே ரயிலேறி கும்மிடிப்பூண்டி ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். என் பழைய ஆட்டோவை இப்போது நண்பன் தனசேகர் ஓட்டுகிறான். இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பைக் ஸ்டாண்டு சுவரோரம் ஒரு ஆள் கிடப்பதைப் பார்த்தேன்.

"அது ஏழுமலைடா" என்றான் தனசேகர். "ரோலிங் மில்லுல இருந்தான். சூட்டுக் கம்பி கால்ல பட்டு வெந்துபோச்சி. வலிக்கு மாத்திர போட ஆரம்பிச்சான், இப்ப அதயே கரச்சி ஊசி போட்டுக்கறான். ஆரணிக்காரன். ஊட்ல சேக்கல. நீ டீய குடி."

எனக்குக் கனடா புத்தி கிளம்பிவிட்டது. போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன். "ஏழுமலை, உங்க தோள தொடட்டுமா?" என்றேன். ஸ்டாண்டில் இருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு டீக்கடைக்காரர், "இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்துகிறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் தொட்ட கை சுட்டது. மூச்சு நன்றாகத்தான் வந்தது, உடம்புதான் கொதித்தது. இடது முழங்கைக்குக் கீழே கை வீங்கி, தோல் பளபளவென்று நின்றது. தனசேகர் என்னைத் திட்டிக்கொண்டே ஆட்டோவைத் திருப்பினான்.

நாங்கள் போன அரசு ஆஸ்பத்திரியில் ஜமீலா சிஸ்டர் டியூட்டியில் இருந்தார். பழவேற்காட்டுக்காரர். வனஜாவுக்கு ஒரு காலத்தில் சீனியர். வனஜாவுக்காக டிபன் பாக்ஸோடு நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காலத்திலிருந்தே என்னைத் தெரியும்.

"யாரு இட்டாந்தது?"

"நான்தான் சிஸ்டர். வனஜா ஊட்டுக்காரன்."

"தெரியுது. கனடா போயும் சட்டப் பட்டன் ஒழுங்கா போடக் கத்துக்கல. அட்டெண்டர் யாரு?"

"யாரும் இல்ல சிஸ்டர், ரோட்டோரம் கெடந்தாரு."

"இட்டாந்தவன்தான் அட்டெண்டரு. போய் டீயும் பன்னும் வாங்கியா."

இப்படித்தான் எனக்கு அந்தப் பதவி கிடைத்தது. ஹாமில்டனில் செக்யூரிட்டி வைத்துத் துரத்திய வேலையை இங்கே கேட்காமலே கொடுத்துவிட்டார்கள். டாக்டர் கையைக் கீறிச் சீழை எடுத்தார். இன்னும் சில நாள் டிரிப்பில் மருந்து ஏற வேண்டும், பாதியில் ஓடினால் கையையே எடுக்க வேண்டி வரும் என்று சொன்னார். பிறகு சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இந்தப் பழக்கத்துக்கென்றே ஒரு வார்டு இருக்கிறது, அங்கே இடம் கிடைத்ததும் அனுப்பலாம் என்றார். அதுவரை ஏழுமலை கட்டிலில் இருக்க வேண்டும். வேறு எதுவும் இல்லை, இருந்தால் போதும்.

ஜமீலா சிஸ்டர் ஏழுமலையைத் திட்டியதை எழுதினால் இந்தப் பத்திரிகையை நிறுத்திவிடுவார்கள். எழுதக்கூடியது இது: "நாயே, இது உங்கம்மா பெத்த கையா, பஞ்சர் கட டியூபா? குத்திக் குத்தி சல்லடையாக்கி வெச்சிகிற." கட்டு மாற்றும்போது, டிரிப் மாற்றும்போது, சாப்பிடாவிட்டால், சாப்பிட்டு முடித்தால், எல்லாவற்றுக்கும் திட்டு. ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு, மழைக்கு ஒதுங்கியவன் மாதிரி பேசாமல் கிடப்பான். எனக்கு மனசு கேட்கவில்லை. சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, வேன் ஓட்டிப் பெற்ற ஞானத்தை எடுத்துவிட்டேன்.

"சிஸ்டர், இவங்க திமிருக்காக பண்றதில்ல. அது ஒரு வியாதி. நடிக்கிறாங்கன்னு நெனைக்கக் கூடாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எனக்குச் சொல்றியா? நானும் மொதல்ல நடிப்புன்னுதான்யா நெனச்சேன். வலி ஊசி போடு, வலி ஊசி போடுன்னு காலப் புடிப்பானுங்க. பொய்யி சொல்றான்னு தொரத்தி வுட்டுகிறேன். அப்புறம் ஒருத்தன் கைய புடிச்சி பி.பி. பாத்துக்கினு இருந்தேன். கை ஃபுல்லா புல்லரிச்சிக்கினு கீது, உரிச்ச கோழி மாரி. நல்ல வெயில் காலம். மருந்து நின்னா ஒடம்பு அப்டி ஆவும். அழுவுறத நடிக்கலாம், கத்துறத நடிக்கலாம். புல்லரிக்கிறத எப்படிய்யா நடிப்ப?"

கொண்டுவந்த ஞானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் சிஸ்டர் விடவில்லை, அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. அங்கே எப்படிச் செய்வார்கள், எப்படிப் பேசுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். புது ஊசி கொடுப்பதைச் சொன்னதும் முதலில், "அடப்பாவிங்களா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுவும் சரிதான். இங்க கை அழுகிப் போனப்புறம்தான எங்கிட்ட வரான்" என்றார். ஹெதர் அனுமதி கேட்பதை நான் நடித்தே காட்டினேன். வார்டு ஆயா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. "ஸ்டூல் போட்டு குந்துவாங்களா, நின்னுக்கினே கேப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஏழுமலையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, என்னால் நம்ப முடியாத ஒரு குரலில், "ஏழுமலை, கட்டு மாத்தணும். உங்க கைய தொடட்டுமா? உங்களுக்கு இப்ப சரிப்படுமா?" என்றார். ஏழுமலை கண்ணைத் திறந்தான். அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரிங்க சிஸ்டர்" என்றான். கட்டு மாற்றும்போது முனகக்கூட இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஹாமில்டன் நாகரிகத்தைச் சிப்காட்டுக்கு இறக்குமதி செய்தவன் நான் என்ற நினைப்போடு நாஷ்டா வாங்கப் போனேன். இட்லிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தால் கட்டில் காலி. டிரிப் குழாய் மட்டும் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"யோவ் அட்டெண்டரு" என்றார் சிஸ்டர். "எங்கய்யா பேஷண்டு?"

அவர் குரலில் கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. ஊசியைத் தேடித்தான் போயிருப்பான், அந்தக் கையில் இன்னொரு ஊசி ஏறினால் அவ்வளவுதான். தனசேகரும் நானும் ஆட்டோவில் சுற்றினோம். பைக் ஸ்டாண்டு சுவர், ஒயின் ஷாப் பின்பக்கம், பாலத்தடி, மூடிக் கிடக்கும் ஒரு மில்லின் காம்பவுண்டு எல்லாம் பார்த்தோம். எங்கேயும் இல்லை. கடைசியில் பஸ் ஸ்டாண்டில், ஆரணி பஸ் நிற்கிற இடத்தில், டிரிப் ஏற்றும் ஊசி கையிலேயே இருக்க, கொட்டாவி விட்டுக்கொண்டு, மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏம்பா எழுந்து வந்துட்ட?"

"ஆரணி போறேண்ணா. எங்கக்காவ ஒருவாட்டி பாத்துட்டா போதும்."

"இப்ப இன்னா அவசரம்?"

"நான்தான் பூடப் போறேன்ல."

"யாரு சொன்னது?"

"சிஸ்டரு."

"சிஸ்டர் அப்படிச் சொன்னாங்களா?"

"சொல்லல. மரியாதையா பேசினாங்க." அவன் என்னை, இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தான். "நேத்து வரிக்கும் நாயேன்னாங்க. இன்னிக்கி ஸ்டூல் போட்டு குந்திக்கினு, வாங்க போங்கன்றாங்க, கைய தொடட்டுமான்னு கேக்கறாங்க. ஒரே ராத்திரில இன்னாண்ணா ஆயிடும்? எதுத்த பெட்டு பெரியவருக்கும் இப்டிதான் மெதுவா பேசினாங்க. சாய்ந்தரம் துணி சுத்தி எடுத்துக்கினு போய்ட்டாங்க."

என் இறக்குமதிச் சரக்கு இந்த ஊர் தண்ணீரில் என்னவாக மாறுகிறது என்று அப்போதுதான் உறைத்தது. நம் வார்டுகளில் நர்ஸ் எப்போது குரலைத் தாழ்த்துவார்? ஆள் தேற மாட்டார் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பும்போது. ஒரு நர்ஸின் வீட்டுக்காரனான எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. ஏழுமலைக்குத் தெரிந்திருந்தது. சிஸ்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தேன். ஆரம்பித்தார் பாருங்கள். பஸ்ஸுக்குள் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த கண்டக்டர் எண்ணுவதை நிறுத்திவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினார். அவன் பரம்பரை, அவன் அறிவு, அவன் மூக்கு, யார் கேட்டு டிரிப்பைப் பிடுங்கினான் என்று ஒன்றையும் விடவில்லை. ஏழுமலையின் முகம் மெதுவாகத் தெளிந்தது.

"அப்ப பொழச்சிக்குவேன் போலருக்குண்ணா" என்றான்.

உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். காலெல்லாம் இழுக்கிறது, எலும்புக்குள் குடைகிறது, ஒன்றே ஒன்று போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினான். திட்டு பயத்தைத்தான் எடுத்தது, வலியை எடுக்கவில்லை. போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது.

"ஏழுமலை, புல்லரிக்குதாடா?" சிஸ்டர் அதே திட்டுகிற குரலில்தான் கேட்டார்.

"ஆமா சிஸ்டர்."

"தெரியும். நீ நடிக்கல, எனக்குத் தெரியும். வலி அடங்க டாக்டரு மருந்து எழுதிகிறாரு, எடுத்து வெச்சிக்கினு நிக்கறேன். வாய மூடிக்கினு ஆட்டோல ஏறு."

ஏறினான். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து நடுங்கிக்கொண்டே வந்தான். நான் அனுமதி எதுவும் கேட்காமல் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அக்காவின் நம்பர் அவனுக்கு மனப்பாடம். அன்று சாயந்திரம் நான் பேசினேன். சென்னையில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறான் என்பது வரை விஷயத்தைச் சொல்லி முடித்ததும், "எனக்குத் தம்பியே இல்லைங்க" என்று அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார். அந்த 'ங்க'வைக் கேட்டு, ஏழுமலை பயந்த மாதிரி நானும் பயந்தேன். அவனிடம் லைன் கிடைக்கவில்லை என்று சொன்னேன். சில நாள் கழித்துச் சென்னையில் இடம் கிடைத்தது. தனசேகர் ஆட்டோவிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தோம். அங்கேயும் முதல் கேள்வி அட்டெண்டர் யார் என்பதுதான். கனடாவிலும் விடாமல் வைத்திருக்கும் என் பழைய இந்திய நம்பரைக் கொடுத்தேன். சென்னைப் பக்கம் சவாரி வரும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன் என்று தனசேகர் வாக்குக் கொடுத்தான். நாளை ஃபிளைட் என்று நான் சொன்னபோது, தெருமுனைக்கு டீ வாங்கப் போகிறவனிடம் சொல்வது போல, "சீக்கிரம் வந்துடுண்ணா" என்றான் ஏழுமலை.

ஹாமில்டன் வந்து இந்தக் கதையை ஹெதருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த நர்ஸ் மீது யாராவது புகார் கொடுத்தார்களா?" என்றார். புகாரா, இல்லையே, அவர்தானே காப்பாற்றினார் என்றேன். "நாய் என்று சொன்னாரே?" ஆமாம், அதனால்தான் அவன் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்தான் என்றேன். எனக்கு அதற்கு மேல் இங்கிலீஷ் இல்லை. இருந்திருந்தாலும் போதுமானதாக இருந்திருக்குமா என்று தெரியவில்லை. வேனை விட்டு இறங்கும்போது ஹெதர், இங்கேயும் டாக்டர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மெதுவாக அறைக்குள் வந்தால் நாம் கொண்டுபோய் விடுகிறவர்கள் ஓடிப்போக ஷூவைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள் என்று சொன்னார். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் ஒரே விஷயத்துக்குத்தான் சிரித்தோமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

போன வாரம் ஒரு காலை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஹெதர் ஒரு கூடாரத்துக்குள் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். நான் வேனின் இன்ஜினை ஓட விட்டபடி உட்கார்ந்திருந்தேன். இந்தியா நம்பர் ஒன்று அடித்தது.

"ஏழுமலை அட்டெண்டரா? எங்கய்யா போய்த் தொலஞ்ச?" சென்னை வார்டின் நர்ஸ், நான் பார்த்திராத ஒருவர். "மத்தியானத்துலருந்து தேடறேன். யாரோ ஒரு பொம்பள, ஆரணியாம், வந்து சோறு வெச்சிட்டுப் போச்சி. நீதான் அட்டெண்டரானு கேட்டா, இல்லன்னுட்டு விறுவிறுன்னு பூடுச்சி. அந்தச் சோத்த இவன் கட்டிப் புடிச்சிக்கினு குந்திகிறான், தின்னவும் மாட்டன்றான், குடுக்கவும் மாட்டன்றான். இங்க கட்டுத்துணி தீந்து போச்சி. கடைக்கிப் போவணும். எங்க நிக்கற நீ?"

ஆள் போய்ச் சேர்ந்திருந்தால் அட்டெண்டரை யாரும் திட்ட மாட்டார்கள். ஏழுமலை இருக்கிறான், சோற்றோடு இருக்கிறான். தனசேகருக்குப் போன் போட வேண்டும், இந்த நர்ஸுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், எல்லாம் தெரிகிறது. ஆனால் வாய் அதுபாட்டுக்குப் பேசியது.

"கீழதான் கீறேன் சிஸ்டர். தோ வந்துட்டேன்."

சொல்லிவிட்டுப் பார்க்கிறேன், வலது கால் பிரேக்கில் இருந்தது. கதவைத் திறந்து இடது கால் பனிக்குள் இறங்கிவிட்டிருந்தது.